ஏறி இறங்காத கட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்

வீட்டில் படுத்திருக்கும் பெரியவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "தலைப்பக்கம் தூக்குமா?" என்றுதான். எல்லாக் கட்டிலும் தூக்கும். கட்டில் அப்படியே மொத்தமாக ஏறி இறங்குமா, இறக்கினால் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் நிற்கும், ஏற்றினால் எதுவரை போகும் என்று கேளுங்கள். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பட்டதை வைத்துச் சொல்கிறேன், மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வரும் ஊர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டில் தொடங்கி, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது வாங்கியது இந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. ஒரு ஹால், இரண்டு சின்ன அறைகள், பின்னால் அடுப்படி, அதை ஒட்டிக் குளியலறை. ஸ்ட்ரோக்கில் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு தப்பியது, அதுவே பெரிய விஷயம். எடை 70 கிலோவுக்கு மேல். பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது அம்மா. உயரம் 4 அடி 9 அங்குலம், வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. எனக்கு ஈப்போவில் வேலை. தம்பி சிங்கப்பூரில். கட்டில் தேடுகிற எந்த வீட்டிலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்: படுத்திருப்பவரின் எடை என்ன, தூக்குகிறவரின் வயது என்ன.

டிஸ்சார்ஜ் ஆன அன்று கைக்குக் கிடைத்தது ஒரு வாடகைக் கட்டில். தலைப்பக்கத்துக்கு ஒரு ஹேண்டல், முட்டிப் பக்கத்துக்கு ஒரு ஹேண்டல். உயரம் மாறாது. அந்தக் கட்டில் வீட்டில் இருந்த காலத்தில்தான் அம்மா இடுப்பில் பெல்ட் கட்ட ஆரம்பித்தார். பெம்பர்ஸ் (டயபர்) மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பு மாற்றுவது, எல்லாமே குனிந்து செய்யும் வேலை. ஒரு தடவை குனிந்தால் ஒன்றும் தெரியாது. விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை குனிந்துகொண்டே இருந்தால், ஒரு வீட்டில் ஒரு நோயாளி இரண்டாகிவிடுவார்.

அந்த வேலைகளைச் செய்யும்போது மெத்தையின் மேற்பரப்பு, செய்கிறவரின் இடுப்பளவு வர வேண்டும். அம்மாவுக்கு அது ஏறக்குறைய 33 அங்குலம். ஆனால் அப்பா எழுந்து ஓரத்தில் உட்காரும்போது அதே உயரம் இருந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முட்டி செங்கோணமாக மடங்க வேண்டும். அப்போதுதான் உடம்பு சாயாது, எழுந்து நிற்கவும் வலு கிடைக்கும். அப்பாவுக்குக் குதிகாலிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை அளந்தால் 17 அங்குலம். ஆக ஒரே கட்டில் ஒரு நாளில் பல தடவை 17-க்கும் 33-க்கும் இடையே போய்வர வேண்டும். உயரம் மாறாத கட்டில் நடுவில் எங்கேயோ, 23 அங்குலத்தில் நின்றுகொண்டிருக்கும். அம்மாவுக்கும் ஆகாது, அப்பாவுக்கும் ஆகாது.

இன்னொன்று, விளம்பரத் தாளில் போட்டிருக்கும் உயரம் மெத்தை இல்லாத இரும்புத் தட்டின் உயரம். 18 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். அதன் மேல் 4 அங்குல மெத்தை. படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டால் இன்னும் 3 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 25 ஆகிறது. நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் குட்டை. ஐந்தடிப் பாட்டியை 25 அங்குலத்தில் உட்கார வைத்தால், அவர் இறங்குவது என்பது வழுக்கி விழுவதுதான். அதனால் கடைக்குப் போகும்போது ஒரு மீட்டர் டேப்பும், துண்டுத் தாளில் இரண்டு எண்களும் கொண்டுபோங்கள்: பெரியவரின் முட்டி உயரம், பார்த்துக்கொள்பவரின் இடுப்பு உயரம். மெத்தையோடு சேர்த்து அளந்து பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டு எண்ணும் அப்படியே பொருந்தும் கட்டில் கிடைப்பது அபூர்வம். நாங்கள் வாங்கியது இறக்கினால் மெத்தையோடு 19 அங்குலத்தில் நிற்கிறது. காலுக்கு அடியில் 2 அங்குல உயரத்தில் அகலமான பலகை மேடை ஒன்று தச்சரிடம் அடித்து, வழுக்காமல் இருக்க ரப்பர் பாய் ஒட்டி, உட்கார்ந்து பழகுவதற்கு வைத்தோம். நிற்கும்போது அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தடுக்கும்.

கையால் சுற்றும் கட்டிலா, மின்சாரக் கட்டிலா என்பது அடுத்த கேள்வி. கையால் சுற்றுவதில் மூன்று ஹேண்டல் உள்ளதைப் பாருங்கள், மூன்றாவது ஹேண்டல்தான் உயரத்துக்கு. விலையும் பரவாயில்லை, கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் ஹேண்டல்கள் எல்லாம் கால்மாட்டில், தரையோடு தாழ்வாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் குந்தி உட்கார்ந்தோ நன்றாகக் குனிந்தோ சுற்ற வேண்டும். 70 கிலோ ஆள் படுத்திருக்கும்போது உயரத்தைச் சுற்றி ஏற்றுவது இளவட்டத்துக்குச் சரி. முட்டி வலிக்காரர் இரண்டு நாள் சுற்றுவார், மூன்றாம் நாள் "இப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார். அப்புறம் அது உயரம் மாறாத கட்டில்தான். பார்த்துக்கொள்கிறவரே வயதானவர் என்றால் காசைப் பார்க்காமல் மின்சாரத்துக்குப் போங்கள் என்பது என் கருத்து. திடகாத்திரமான மகனோ வேலையாளோ எந்நேரமும் கூட இருக்கிற வீட்டில் மூன்று ஹேண்டல் போதும். இன்னொன்று, சுற்றி முடித்தால் ஹேண்டலை உள்ளே மடக்கி வையுங்கள். இருட்டில் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.

மின்சாரக் கட்டில் என்று சொல்லிவிட்டாலே உயரம் ஏறும் என்று எண்ண வேண்டாம். தலையும் முட்டியும் மட்டும் மோட்டாரில் ஓடி, உயரம் அசையாத மின்சாரக் கட்டில்களும் விற்கிறார்கள். ரிமோட்டில் உயரத்துக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் சாயங்காலம் ஆனால் இடி, மின்னல், வீட்டு மெயின் சுவிட்ச் டிரிப் ஆவது சாதாரணம். மின்சாரம் போனால் கட்டில் எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில் நிற்கும். தலைப்பக்கம் நிமிர்ந்து, கட்டில் உயரத்தில் நிற்கும்போது விளக்கு அணைந்தால் என்ன செய்வது? சில கட்டில்களில் பேட்டரி உண்டு, சிலவற்றில் கையால் சுற்றி இறக்க வழி உண்டு, சிலவற்றில் இரண்டும் கிடையாது. இதைக் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். ஒரு கடைக்காரருக்குப் பேட்டரி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, நாங்கள் அங்கே வாங்கவில்லை.

ரிமோட் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதும் முக்கியம். வலுவுள்ள கைப்பக்கம். அப்பாவுக்கு வலது. கேபிள் அந்தப் பக்கம் எட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நினைவு தடுமாறும் பெரியவராக இருந்தால், ரிமோட்டைப் பூட்டி வைக்கும் வசதி இருப்பது நல்லது. நள்ளிரவில் தானாக அமுக்கிக் கட்டிலைத் தூக்கிவிடும் தாத்தாக்கள் உண்டு.

தலைப்பக்கம் தூக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நிறைய வீடுகளில் தப்பாகச் செய்கிறார்கள். தலையை மட்டும் தூக்கினால் ஆள் மெல்லக் கால்மாட்டுக்கு வழுக்கிப் போவார். வழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். பிட்டத்துக்கு மேலே, முதுகின் அடி எலும்பில் படுக்கைப்புண் ஆரம்பிக்க இந்த இழுவையும் ஒரு முக்கியக் காரணம். முதலில் முட்டிப் பக்கத்தைத் தூக்குங்கள், பிறகு தலையை. தூக்குவதற்கு முன் இடுப்பு, கட்டில் மடங்கும் இடத்துக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். கட்டில் ஆறரை அடிக்கு மேல் நீளம், நம் ஆள் ஐந்தேகால் அடி. கீழே சரிந்து படுத்திருந்தால் கட்டில் அவருடைய முதுகின் நடுவில் மடங்கும், இடுப்பில் மடங்காது. மூச்சு திணறுவதற்கும் அதுவே காரணமாகும். சாப்பிடும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் உடனே படுக்க வைக்காமல் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், புரையேறுவது குறையும். டியூப் வழியாகப் பால் கொடுப்பவர்களுக்கும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை தூக்கியிருக்க வேண்டும். மற்ற நேரங்களில் 30 டிகிரியைத் தாண்டாமல் வைப்பது தோலுக்கு நல்லது.

இனி இடம். கடைக்காரர் கட்டில் அகலம் மூன்றடி என்பார். அது மெத்தை. பக்கத் தடுப்புக் கம்பிகளையும் சேர்த்தால் மூன்றேகால் அடிக்குக் குறையாது, நீளம் ஏழடி வரும். தாமான் வீட்டு அறைக் கதவு இரண்டரை அடி. ஆக, முழுக் கட்டிலாக உள்ளே போகாது. தலைப்பாதி, கால்பாதி என்று இரண்டாகக் கழற்றக்கூடியதா என்று கேட்டே ஆக வேண்டும். கழற்றித்தான் கொண்டுவர முடியும் என்றால், பூட்டிக் கொடுப்பது யார் என்றும் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் லோரிக்காரர் கட்டிலை வாசலில் இறக்கிவிட்டு, "இறக்கி வைக்கத்தான் சொன்னாங்க அக்கா" என்று போயே போய்விட்டார். பிறகு பக்கத்து வீட்டு மோட்டார் மெக்கானிக்தான் வந்து பூட்டினார்.

ஹாலா, அறையா? எங்கள் வீட்டில் இதற்குச் சின்னச் சண்டையே நடந்தது. அறை பத்துக்குப் பத்து. கட்டிலை நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் நின்று வேலை பார்க்கலாம், ஆனால் அலமாரி வெளியே போக வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்டால் இடம் கிடைக்கும், ஒரு பக்கம் மட்டும் நின்று 70 கிலோவைப் புரட்ட வேண்டும். இரண்டு பேர் நின்று புரட்டும் வசதியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஹால் என்றால் காற்றும் டிவியும் வருகிறவர் போகிறவர் முகமும் கிடைக்கும். ஆனால் பெம்பர்ஸ் மாற்றும் நேரத்தில் வாசலில் யாராவது "வீட்ல யாரும் இருக்கீங்களா?" என்று வந்து நின்றால் அப்பாவுக்கு உயிரே போகும். சாமி மேடைக்கு நேரே கால் நீட்டக் கூடாது என்றும், வடக்கே தலை வைக்கக் கூடாது என்றும் அம்மா திட்டமாகச் சொல்லிவிட்டார். கடைசியில் முன் அறையிலேயே, அலமாரியை வெளியே போட்டு, ஜன்னல் பக்கம் தலை தெரிகிற மாதிரி போட்டோம். திசை அம்மா சொன்னபடியே அமைந்தது.

ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கட்டிலை விட்டு இறங்குவதும் சக்கர நாற்காலிக்கு மாறுவதும் வலுவுள்ள பக்கமாக நடக்க வேண்டும். அப்பாவுக்கு வலப்பக்கம் நல்லது, அதனால் அவர் படுத்த நிலையில் வலதுகைப் பக்கம் தாராளமாக இடம் விட்டோம். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி இருந்தால் நிம்மதி, எங்களுக்கு நாலடியே கிடைத்தது, சமாளிக்கிறோம். கட்டிலுக்கும் காற்று மெத்தைப் பம்ப்புக்கும் ஃபேனுக்கும் மூன்று பிளக் வேண்டும். பழைய வீடுகளில் அறைக்கு ஒரு பிளக்தான். எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையில் ஓடவிட்டால் கட்டில் சக்கரம் ஏறி நசுக்கும், உயரம் இறக்கும்போது கம்பிக்கு இடையில் மாட்டி அறுபடும். ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுத் தலைமாட்டுச் சுவரில் புது பாயிண்ட் வைத்துவிடுங்கள்.

பக்கத் தடுப்புக் கம்பி என்றால் பாதுகாப்பு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். வாங்குவதற்கு முன் தேடிப் படித்ததில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்டிருந்த கணக்கு கண்ணில் பட்டது. 1985 முதல் 2013 வரை, கட்டில் கம்பிகளுக்கு இடையிலும் மெத்தைக்கும் கம்பிக்கும் இடையிலும் நோயாளிகள் மாட்டிக்கொண்டதாக அங்கே பதிவானவை 901 சம்பவங்கள். அதில் 531 பேர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், மெலிந்தவர்கள், நினைவு தடுமாறியவர்கள். அதே நிர்வாகம் 2006-ல் தந்த வழிகாட்டியில், தலை நுழையக்கூடிய இடைவெளிகள் 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கடையில் இதை அளப்பது சுலபம். கம்பிகளுக்கு இடையே, கம்பிக்கு அடியில், மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே டேப்பை வைத்துப் பாருங்கள். தலைப்பக்கத்தைத் தூக்கிய நிலையிலும் ஒரு தடவை பாருங்கள், இடைவெளி மாறும். பழைய கட்டிலுக்கு வேறு எங்கேயோ வாங்கிய மெத்தையைப் போடும்போதுதான் ஓரத்தில் பெரிய சந்து விழுகிறது. கட்டிலோடு வந்த அளவு மெத்தையையே போடுங்கள்.

நடமாட முயலும் பெரியவருக்கு முழு நீளக் கம்பி ஆபத்து. மூடி வைத்தால் தாண்டத்தான் பார்ப்பார், தாண்டினால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். தலைப்பக்கம் அரைக் கம்பி, பிடித்து எழுந்து உட்கார உதவும், கால்பக்கம் திறந்திருக்கும். எங்களுக்கு அதுதான் சரிப்பட்டது. ராத்திரி கட்டிலை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிவிட்டு, தரையில் மடிப்பு மெத்தை ஒன்றை விரித்துவிடுவோம். உயரம் மாறும் கட்டில் வேண்டும் என்று நான் மறுபடி மறுபடி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெத்தையைப் பற்றி. கட்டிலோடு தருவது ரெக்சின் போட்ட 4 அங்குல ஸ்பாஞ்ச். ஜிங் (தகரம்) கூரை வீட்டில் மத்தியானம் அதில் படுத்தால் முதுகு வெந்துபோகும். அதன் மேல் பருத்தி விரிப்பு ஒன்றே ஒன்று போதும். ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் பழைய கைலி, அதன் மேல் இன்னொரு விரிப்பு என்று அடுக்கினால் வேர்வையும் மடிப்பும் சேர்ந்து தோலைத் தின்றுவிடும். தானாகப் புரள முடியாதவருக்குக் காற்று மெத்தை, கடையில் ரிப்பிள் மெத்தை என்று கேட்டால் தருவார்கள். சிறு பம்ப் ஒன்று ஒரு வரிசை அறைகளை ஊதும், அடுத்த வரிசையைத் தளர்த்தும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்கும். இரவு பகல் ஓட வேண்டியது, மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைக்கக் கூடாது. காற்று போதுமா என்று அறிய, அவருடைய பிட்டத்துக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்றுப் போதவில்லை. பம்ப்பில் எடைக்கு ஏற்ற குமிழ் இருக்கும், அதைத் திருப்புங்கள்.

ஆனால் ரிப்பிள் போட்டுவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்த மிஸ்ஸி (நர்ஸ்) அம்மாவிடம் கறாராகச் சொன்னது, "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டுங்கம்மா, மெத்தை உங்களுக்கு உதவிதான், உங்களுக்குப் பதில் இல்ல." குதிகாலை மறந்துவிடுவோம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வையுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வட்டக் குஷனை வைக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார், அது சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவதைத் தடுக்கும். இந்த வீட்டு வருகைச் சேவை அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே வார்டில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ரிப்பிளுக்கு ஒரு குறை, ஓரம் அமுங்கும். உட்கார்ந்து பழக ஆரம்பித்தவருக்கு அந்த அமுக்கம் பயம் தரும். அப்பா தானாகப் புரள ஆரம்பித்ததும், பிசியோவிடம் கேட்டுவிட்டு அதை எடுத்துவிட்டு நல்ல கெட்டியான ஸ்பாஞ்ச் மெத்தை போட்டோம்.

புதுக் கட்டில் வந்த அன்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆஸ்பத்திரிய வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா? அடுத்து என்னா, பெட்டியா?" என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "உங்களுக்கு யாருங்க வாங்குனா? என் இடுப்புக்கு வாங்குனது. வேணாம்னா நீங்க பாய்ல படுங்க, நான் ஏறிப் படுத்துக்கிறேன்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை மாற்றியது ரிமோட்தான். யாரையும் கூப்பிடாமல் தானே நிமிர்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க முடிந்தது. யார் வீட்டு மோட்டார் சைக்கிள் எத்தனை மணிக்குத் திரும்புகிறது, ரொட்டிக்காரர் இன்று ஏன் வரவில்லை என்பதெல்லாம் இப்போது அவருக்கு அத்துப்படி. மண்டோர் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று தம்பி கேலி செய்வான். பெரியவர்கள் கட்டிலை மறுத்தால் நோயைப் பற்றிப் பேசி வாதாடாதீர்கள். பிரம்பு நிறத்தில் மரப்பலகை முகப்பு வைத்த, வீட்டுக் கட்டில் மாதிரித் தோன்றும் மாடல்களும் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் சில பேருக்கு அந்த முகப்பே மருந்து.

வாங்குவதா, வாடகையா? ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் உடம்பு வேகமாகத் தேறும். முதல் வாரத்துத் தேவை வேறு, மூன்று மாதம் கழித்துத் தேவை வேறு. அதனால் முதலில் வாடகை, பிறகு யோசித்து வாங்குவது என்று நாங்கள் வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களில் பலர் எழுந்து நடந்துவிடுவார்கள், அவர்களுக்கும் வாடகையே போதும். வாடகையில் முன்பணம் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா, கொண்டுவந்து எடுத்துப்போகும் லோரிக் கூலி யாருடையது, மோட்டார் கெட்டால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் அரை மணி நேரம்தான், இருந்தாலும் "அவுட்ஸ்டேஷன் சார்ஜ்" போட்டவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் விசாரித்த அளவில் இரண்டு ஹேண்டல் புதுக் கட்டில் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்), உயரம் ஏறும் மின்சாரக் கட்டில் மூவாயிரத்தை ஒட்டி. ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதில் தப்பில்லை. வெல்டிங் இணைப்புகளில் துரு, சக்கர பிரேக், மோட்டார் சத்தம், இந்த மூன்றைப் பாருங்கள். பயன்படுத்திய மெத்தையை மட்டும் வாங்காதீர்கள்.

பணத்துக்கு வழிகள் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். சமூக நல இலாகாவான ஜேகேஎம்மில் ஓகேயு அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பராமரிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மாத உதவித்தொகையும் அவர்களிடம்தான். பாரத்தில் டாக்டர் எழுதித் தர வேண்டிய பகுதி இருக்கும், அதை அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கே எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று: ஓகேயு அட்டை உள்ள பெற்றோருக்கு அடிப்படை உதவிக் கருவிகள் வாங்கினால் வருமான வரியில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். ரசீது, வரி கட்டும் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் முழுப் பணமும் தம்பி அனுப்பினான், ரசீது என் பெயரில் வந்தது. யார் பெயரில் போடுவது என்று அண்ணன் தம்பிகள் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் பிறகு பேச்சு வராது. ஊழியர் சேமநிதியான இபிஎப்பில், மருத்துவத்துக்குச் சேமிப்பை எடுக்கும் சுகாதார மீட்பு என்று ஒன்று உண்டு, அதில் பெற்றோருக்கான மருத்துவ உதவிக் கருவிகளும் அடங்கும், டாக்டரின் கடிதம் தேவைப்படும்.

கட்டிலுக்குக் கொட்டுகிற காசில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தேசிய பக்கவாதச் சங்கமான நாசாம், 1996-ல் தொடங்கியது, ஈப்போவிலும் மையம் வைத்திருக்கிறது. கட்டில் எவ்வளவு வசதியாக இருக்கிறதோ அவ்வளவு அதிலேயே கிடக்கத் தோன்றும், அப்பாவும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் ஆனார். சாப்பாட்டுக்கு நாற்காலிக்கு வந்தால்தான் சோறு என்று அம்மா சட்டம் போட்ட பிறகுதான் காலில் வலு திரும்பியது. இன்று நான்கு கால் ஊன்றுகோலோடு குளியலறை வரை போகிறார், பின்னாலேயே ஒருவர் போக வேண்டும்.

கட்டில் வந்து இறங்கும் நாளில் வீட்டில் திடமான ஆள் ஒருவர் இருக்கட்டும். பூட்டி முடித்ததும் அப்பாவைப் படுக்க வைக்கும் முன் அந்த ஆளை மெத்தையில் படுக்கச் சொல்லி, எல்லாப் பொத்தான்களையும் மேலும் கீழுமாக இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். வெறும் கட்டில் சத்தமில்லாமல் ஏறும், எடை வைத்தால்தான் முனகும். நான்கு சக்கரத்தையும் பூட்டிவிட்டு இடுப்பால் தள்ளிப் பாருங்கள், சிமெண்டுத் தரையில் நிற்கிற பிரேக் டைல்ஸில் வழுக்கும். கடைசியாகக் கட்டிலை முழுக்க இறக்கி, பெரியவரை ஓரத்தில் உட்கார வைத்துக் குதிகால் தரையில் படுகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள். ரசீதில் மாடல் எண்ணும், பழுது பார்க்கிறவரின் போன் எண்ணும் எழுதி வாங்கின பிறகு லோரி போகட்டும்.